கேஸ் ஷீட்டில் ஏறாத மருந்து: எலும்பு நோயாளிகளும் நாட்டு வைத்தியமும்

கேள்வி

எலும்பு மூட்டுப் பிரிவின் வெளிநோயாளர் வரிசையில் நிற்பவர்களில் பலருடைய முழங்காலில் எண்ணெய் மினுங்கும். சிலருடைய கணுக்காலில் பற்றுப் போட்டுக் காய்ந்த பச்சைக் கறை தெரியும். மருத்துவர் எக்ஸ்ரேயைப் பார்க்கிறார், மூட்டை மடக்கிப் பார்க்கிறார், மாத்திரை எழுதுகிறார். தடவிய எண்ணெய் எது, பற்றில் அரைத்த இலை எது, கூடவே உள்ளுக்கும் ஏதாவது சாப்பிடுகிறாரா என்பது பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. கேட்காததால் சீட்டில் ஏறுவதுமில்லை.

இத்துறையில் எழுதப்பட்டவற்றில் இரண்டு குரல்கள் ஓங்கி ஒலிக்கின்றன. ஒன்று, நாட்டுக்கட்டால் அழுகிப்போன கைகால்களின் படங்களை மருத்துவ இதழ்களில் அடுக்கும் குரல். மற்றது, ஆங்கில மருத்துவம் கைவிட்டவர்களையெல்லாம் மூலிகை எழுந்து நடக்கவைத்தது என்னும் குரல். இரண்டுமே ‘பலிக்குமா, பலிக்காதா’ என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகின்றன. நோயாளியோ அந்தக் கேள்விக்கு விடை வரும்வரை காத்திருப்பதில்லை. மாத்திரையையும் சூரணத்தையும் ஒரே டம்ளர் வெந்நீரில் விழுங்கிக்கொண்டிருக்கிறார். இப்படி இரண்டும் ஒரே உடம்பில் சேர்வதை இரு தரப்பில் யாரும் பதிவு செய்யாததால் என்ன நேர்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒரே பெயரின் கீழ் பல பொருள்கள்

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். கணக்கெடுப்புகளில் ‘மூலிகை மருந்து’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடைக்கப்படும் பொருள்களுக்கு ஆபத்திலும் பயனிலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லை. பிரண்டைத் துவையலும் முடக்கறுத்தான் தோசையும் உணவு. நொச்சி இலை ஒத்தடம், ஆமணக்கிலை வதக்கிக் கட்டுவது, முறிவெண்ணெய் தடவுவது ஆகியவை மேற்பூச்சு. அமுக்கரா சூரணம், பறங்கிப்பட்டை சூரணம் போன்றவை உள்ளுக்குச் சாப்பிடும் தாவர மருந்துகள். ஆறுமுகச் செந்தூரம் போன்றவை உலோகமும் பாடாணமும் சேர்த்துப் புடமிட்டவை. சித்த மருத்துவர் அளவு சொல்லிக் கொடுக்க வேண்டியவை. இவற்றுக்கு வெளியே, சந்தையிலும் பேருந்திலும் தொலைக்காட்சி விளம்பரத்திலும் விற்கும், உள்ளே என்ன இருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாத மூட்டுவலிப் பொடியும் உண்டு.

சட்டம் இந்த வேறுபாட்டை ஓரளவு அறிந்தே வைத்திருக்கிறது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின் கீழுள்ள விதிகளில் ஈ(1) என்றொரு அட்டவணை இருக்கிறது. எட்டி, சேராங்கொட்டை, பாதரசம், பாடாணங்கள் போன்ற நச்சுச் சரக்குகள் அதில் இடம்பெறுகின்றன. அவை சேர்ந்த மருந்தை மருத்துவக் கண்காணிப்பில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை உறையில் இருக்க வேண்டும். வாதநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் தடைச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதை அறிய ஆய்வு எதுவும் தேவையில்லை, காலை பத்து மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டாலே போதும்.

கட்டின் வழி

எலும்பு முறிவைப் பொறுத்தவரை தமிழ்நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் பெயர் புத்தூர். இன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கும் அந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே ஒரு ராஜு குடும்பம் தலைமுறைகளாகக் கட்டுப் போட்டு வருகிறது. வேட்டைக்குப் போன இடத்தில் அபூர்வமான பச்சிலை கிடைத்த கதையைக் குடும்பமும் ஊரும் சொல்கின்றன. பச்சிலைச் சாறு, முட்டை வெண்கரு, துணி, மூங்கில் பத்தை ஆகியவைதான் கட்டின் சரக்குகள். புத்தூரைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட அதே பெயரில் பலகை மாட்டிக் கட்டுப் போடும் ஊர்கள் தமிழ்நாடு முழுக்க உண்டு. பெயர் பொதுவாகிவிட்டதால் ஒரு வைத்தியரின் பயிற்சிக்கும் மற்றொருவருடையதற்கும் எந்த உறவும் இல்லை.

கட்டு வைத்தியரை அறிவியலின் எதிரியாக மட்டும் பார்ப்பவர்களுக்கு எலும்பு மருத்துவத்தின் வரலாறே சங்கடம் தரும். லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பேஜட், எலும்பு கட்டுபவர்கள் குணப்படுத்தும் நோய்கள் எவை என்றே 1867இல் ஓர் உரை நிகழ்த்தினார். அவர்களால் விளையும் கேடுகளைச் சொன்னதோடு, அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு என்று சக மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தார். லிவர்பூலின் ஹியூ ஓவன் தாமஸ் (1834–1891) வேல்ஸ் நாட்டு எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தை ஈவன் தாமஸ் பட்டமில்லாத வைத்தியர். பிள்ளைகளை மட்டும் மருத்துவம் படிக்கவைத்தார். மகன் வடிவமைத்த தாமஸ் ஸ்பிளின்ட், தொடை எலும்பு முறிந்தவரைத் தூக்கிவர இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் பயன்படுகிறது. அசைக்காமல் நீண்ட ஓய்வு கொடுத்தால் எலும்பு கூடும் என்று அவர் வற்புறுத்தியது வீட்டுத் தொழிலின் வாசனை படிந்த கருத்து. அங்கே கட்டுத் தொழில் ஒரே தலைமுறையில் கல்லூரிக்குள் நுழைந்தது. இங்கே அப்படி நடக்கவில்லை. சித்த மருத்துவத்துக்குக் கல்லூரிகளும் பட்டமும் வந்த பிறகும், பட்டமில்லாத கட்டு வைத்தியர் வெளியிலேயே நின்றுவிட்டார்.

குணமாக்கியது யார்?

காறை எலும்பு, விலா எலும்பு, குழந்தைகளின் முன்கை எலும்பு ஆகியவற்றில் விழும் பெரும்பாலான முறிவுகள் இடம் பெரிதாக விலகாதவரை அறுவை இல்லாமலே கூடிவிடும். பெரியவர்களுக்குக் கையெலும்பு ஏறத்தாழ 6 முதல் 8 வாரத்திலும், கால் எலும்பு அதைப்போல இரு மடங்குக் காலத்திலும் கூடுகிறது. சிறுவர்களின் எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடினாலும் வளர்ச்சியில் தானே நேராகிக்கொள்ளும். இந்த இயற்கை வேலையின் புகழ் கட்டுப் போட்டவருக்கோ மாவுக்கட்டுப் போட்டவருக்கோ போய்ச் சேர்கிறது. பிளேட் வைத்தவருக்கும் சில வேளைகளில் போய்ச் சேர்கிறது.

தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்தால் கதை வேறு. அங்கே எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டமே அறுபடக்கூடும். குளியலறையில் வழுக்கி விழுந்த எழுபது வயதுப் பாட்டியைக் கட்டுக்கு அழைத்துப்போய் ஒரு மாதம் படுக்கவைத்தால், அந்த மாதத்தை எந்த அறுவையும் திருப்பித் தராது. படுக்கைப் புண்ணும் நுரையீரல் அழற்சியும் அதற்குள் வந்து சேரும். முழங்கைக்குச் சற்று மேலே முறிந்த குழந்தைக்கு இறுக்கமான கட்டு இன்னும் பெரிய அபாயம். வீக்கம் கூடக்கூட ரத்த ஓட்டம் நிற்கிறது. ஆறு மணி நேரத்துக்குள் தசை மீளமுடியாத சேதத்துக்கு ஆளாகலாம். விரல்கள் மடங்கிக் கை சூம்பிப்போகும் அந்த நிலையை 1881இல் விவரித்த ஜெர்மானியர் ரிச்சர்ட் ஃபோன் வோல்க்மான் இறுக்கமான கட்டுகளைத்தான் காரணம் காட்டினார். அவர் கண்டவை மருத்துவர்கள் போட்ட கட்டுகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சான்றின் தன்மையையும் இங்கே கவனிக்க வேண்டும். கட்டு வைத்தியத்தின் தீமைகள் பற்றிய தகவல்களில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்களிடமிருந்து திரட்டியவை. கட்டுப் போட்டுக் குணமாகி வீட்டோடு இருந்துவிட்டவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அதேபோல, ராடு போட்டும் கூடாத எலும்போடு அலுத்துப்போய்க் கட்டு வைத்தியரிடம் போகிறவர்கள் மருத்துவமனைக் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறார்கள். மருத்துவர், கட்டு வைத்தியர் இருவரும் மற்றவரின் தோல்விகளை மட்டுமே பார்க்கிறார்கள். ஒருவரையொருவர் அவர்கள் மதிப்பிடும் விதத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இடையில் ஒரு வழி உண்டென்று ஆப்பிரிக்க அனுபவம் காட்டுகிறது. கட்டு வைத்தியர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்தபின் அழுகல் நோயால் கைகால் துண்டிக்கப்படுவது குறைந்ததாக எத்தியோப்பியாவிலிருந்து 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. பயிற்சி பெற்ற கட்டு வைத்தியரின் பணி மேம்பட்டதாக அடுத்த ஆண்டில் நைஜீரியாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. சிறிய ஆய்வுகள்தாம். ஆனால் கட்டைத் தளர்த்து, விரல் நிறம் பார், தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் தொடாமல் அனுப்பிவை என்ற மூன்றைக் கற்பிக்கப் பெரிய பல்கலைக்கழகம் வேண்டியதில்லை.

பிரண்டை, மஞ்சள், குளுக்கோசமைன்

எலும்பு கூட்டும் மூலிகை என்றால் பிரண்டை. இதை முதலில் நவீன முறையில் சோதித்தவர்களில் முக்கியமானவர் காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் அறுவை மருத்துவர் கே. என். உடுப்பா. 1960களின் தொடக்கத்தில் அவரும் ஜி. சி. பிரசாத்தும் கதிரியக்கக் கால்சியத்தைக் கொண்டு, முறிந்த எலும்பில் அது எவ்வளவு சேர்கிறது, கூடிய எலும்பு எவ்வளவு பளு தாங்குகிறது என்று விலங்குகளில் அளந்தார்கள். பிரண்டை கொடுத்தவற்றில் எலும்பு விரைவாகக் கூடியது என்பது அவர்கள் முடிவு. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அந்த இடத்திலிருந்து வெகுதூரம் நகரவில்லை. மனிதர்களில் நடந்த சோதனைகள் சிறியவை. எத்தனை மில்லிகிராம், எத்தனை நாள் என்ற அளவுக் கேள்விக்கு உறுதியான விடை இல்லை. துவையலில் சேரும் பிரண்டை அந்தச் சோதனை மருந்துக்கு ஈடாகுமா என்பது அதற்கும் அடுத்த கேள்வி. நாக்கு அரிக்காமலிருக்க எண்ணெயில் வதக்கிப் புளி சேர்க்கும் சமையல் அறிவு அதிலிருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்களுக்கு எதிரான ஏற்பாடு. எலும்புக்காகச் செய்ததன்று.

மஞ்சளுக்குச் சான்று கொஞ்சம் வலுவானது. முழங்கால் தேய்மானம் உள்ள 367 பேரிடம் தாய்லாந்தில் நடந்து 2014இல் வெளியான ஆய்வு, நாளுக்கு 1,500 மில்லிகிராம் மஞ்சள் சாறும் 1,200 மில்லிகிராம் இபுபுரூஃபனும் நான்கு வாரத்தில் ஏறத்தாழச் சமமான நிவாரணம் தந்ததாகச் சொன்னது. அது செறிவூட்டிய சாறு, குழம்பில் போடும் மஞ்சள்தூள் இல்லை. செறிவூட்டினால் பயன் கூடுவதுபோலவே கேடும் கூடும். மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் பாதிக்கப்பட்ட பத்துப் பேரை அமெரிக்கக் கல்லீரல் ஆய்வுக் குழுவொன்று 2022இல் விவரித்தது. அவர்களில் ஏழு பேரிடம் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருந்தது. கோவிட் காலத்தில் சீந்தில் கொடி சாப்பிட்டுக் கல்லீரல் பாதிப்புக்கு ஆளான 43 இந்திய நோயாளிகளைப் பற்றிய பல மருத்துவமனைகளின் கூட்டு அறிக்கையும் அதே ஆண்டில் வந்தது. ‘இலைதானே, என்ன செய்துவிடும்’ என்ற வீட்டுப் பேச்சுக்கு இவை போதுமான மறுப்பு.

குளுக்கோசமைன் பற்றியும் சொல்லியாக வேண்டும். இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கப்படும் இந்தத் துணைச்சத்தை நாட்டு மருந்துக் கடையில் வாங்க முடியாது. நவீன மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். 1,583 பேரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனையின் முடிவு 2006இல் வெளியானது. குளுக்கோசமைன் சாப்பிட்டவர்களில் 64 விழுக்காட்டினருக்கு முழங்கால் வலி குறிப்பிட்ட அளவு குறைந்தது. வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களில் 60.1 விழுக்காட்டினருக்கும் குறைந்தது! இந்த இரண்டாவது எண்ணை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். முழங்கால் வலி ஏறி இறங்கும் நோய். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் எவரும் புது மருந்தைத் தேடுகிறார்கள். அதன்பிறகு அது இறங்கத்தான் செய்யும். எண்ணெயும் லேகியமும் ஊசியும் பெறும் நற்சான்றுகளில் எத்தனை இந்த இறக்கத்தின் கணக்கில் சேர வேண்டியவை? நாட்டு மருந்தை அளக்கும் கோலால் மருந்துச்சீட்டையும் அளந்தால்தான் ஆய்வு நேர்மையாகும்.

கத்திக்கு முன்னும் பின்னும்

முழங்கால் மாற்று அறுவைக்கு நாள் குறித்தபின் நிலைமை மாறுகிறது. பூண்டு, இஞ்சி, மஞ்சள் ஆகியவை செறிந்த மாத்திரையாக உள்ளே போனால் ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதைத் தளர்த்தக்கூடும். அறுவைக்குப் பிறகோ, காலில் ரத்தம் உறையாமலிருக்க மருத்துவரே ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து கொடுக்கிறார். இரண்டும் ஒரே திசையில் இழுத்தால் கசிவு கூடும். மூலிகை மருந்துகளை அறுவைக்கு இரு வாரம் முன்பே நிறுத்துமாறு அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் அறிவுறுத்தியது. ‘ஜாமா’ இதழில் 2001இல் வந்த ஒரு கட்டுரை இதை மருந்துவாரியாகப் பிரித்து, பூண்டுக்கும் ஜின்செங்குக்கும் 7 நாள், கின்கோவுக்கு 36 மணி நேரம் என்று கணக்குக் கொடுத்தது. பாடநூல்களில் இன்றும் மேற்கோளாகும் அக்கட்டுரை எட்டு மூலிகைகளைப் பேசுகிறது. நம் வீட்டில் அன்றாடம் புழங்குவது அவற்றில் பூண்டு ஒன்றுதான். பிரண்டை, முடக்கறுத்தான், வாதநாராயணன், அமுக்கரா எதுவும் அதிலில்லை. அந்தப் பட்டியலை அப்படியே அச்சடித்து இங்குள்ள நோயாளியிடம் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில்தான் வரும். ரசத்தில் தட்டிப்போடும் நாலு பல் பூண்டை யாரும் நிறுத்த வேண்டியதில்லை என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் அச்சத்துக்கு அளவிராது.

எலும்பு மருத்துவர்கள் அதிகம் அஞ்ச வேண்டியது பூண்டைவிடக் கலப்படத்தை. ‘மூன்றே நாளில் வலி போகும்’ என்ற பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் வலி உண்மையிலேயே மூன்று நாளில் போகும். அர்த்ரி கிங் என்ற பெயரில் விற்ற மூட்டுவலி மாத்திரையில் டெக்ஸாமெத்தசோனும் டைக்ளோஃபினாக்கும் இருந்ததை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் அறிவித்தது. உறையில் இரண்டின் பெயரும் இல்லை. தொடர்ந்து ஸ்டீராய்டு சாப்பிட்டால் எலும்பு மெலியும், சர்க்கரை ஏறும், புண் ஆறத் தாமதமாகும். இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலை ரத்தமின்றிச் செத்து நொறுங்கவும் கூடும். முழங்கால் வலிக்குச் சாப்பிட்ட மருந்து இடுப்பு மூட்டைத் தின்றுவிடுகிறது. இத்தனை நாள் உள்ளே போன ஸ்டீராய்டு அறுவை நாளன்று திடீரென நின்றால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அப்போது மயக்க மருத்துவருக்குக் காரணம் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது.

உலோகங்களைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும். பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற தெற்காசிய ஆயுர்வேதத் தயாரிப்புகள் 70ஐச் சோதித்ததில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்ததாக 2004இல் ஓர் ஆய்வு சொன்னது. முறையாகப் புடமிட்டால் உலோகம் நஞ்சாக இருக்காது என்பது மரபின் வாதம். அந்த வாதத்தை ஒவ்வொரு தொகுதி மருந்திலும் சோதித்துக் காட்டும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. நோயாளியின் ரத்தத்தில் அது சோதிக்கப்படக் கூடாது. உடலில் சேரும் ஈயத்தின் பெரும்பகுதி எலும்பில் போய்த் தங்குகிறது, பல பத்தாண்டுகள் அங்கேயே இருக்கிறது என்பது எலும்பு நோயாளி அறிய வேண்டிய செய்தி.

மேற்பூச்சுதானே என்று விட்டுவிடவும் முடியாது. முழங்கை அடிபட்டபின் எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் தசைக்குள் எலும்பு வளர்ந்து கை மடங்காமல் போகலாம். இந்திய எலும்பு மருத்துவர் எவருக்கும் இது பழகிய காட்சி. சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்த பாதத்தில் சுடச்சுட ஒத்தடம் கொடுத்துக் கொப்புளம் கண்டவர்களும் உண்டு. அறுவைக்குப்பின் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அப்போது நீவுவது உறைகட்டியை நுரையீரலுக்கு அனுப்பும் வேலை. அதே சமயம், தேய்ந்த முழங்காலில் இதமான சூட்டில் எண்ணெய் தடவிக்கொள்ளும் பாட்டியை அதட்டுவதற்கு மருத்துவத்தில் எந்தக் காரணமும் இல்லை.

சொல்லாமை

1990இல் அமெரிக்காவில் 1,539 பேரிடம் தொலைபேசியில் கேட்டறிந்த ஆய்வு 1993இல் வெளிவந்தது. மூன்றில் ஒருவர் மாற்று முறை ஏதாவதொன்றைப் பயன்படுத்தியிருந்தார். அதிகம் பயன்பட்ட நோய்களில் முதலிடம் முதுகுவலிக்கு. பயன்படுத்தியவர்களில் 72 விழுக்காட்டினர் தங்கள் மருத்துவரிடம் அதைச் சொல்லவில்லை. 1997இல் மீண்டும் கேட்டபோது பயன்பாடு 42 விழுக்காடாக ஏறியிருந்தது, சொல்லும் பழக்கம் மட்டும் ஏறவில்லை.

அங்கே அது ‘மாற்று’ முறை. இங்கே அரசு நடத்தும் மருத்துவம். பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் தொடங்கியது. அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவும் எலும்புப் பிரிவும் ஒரே வளாகத்தில் இயங்குகின்றன. இரண்டுக்கும் தனித்தனிச் சீட்டு, தனித்தனிப் பதிவேடு. காலையில் ஒரு வாசலில் வலி மாத்திரையும் மதியம் அடுத்த வாசலில் சூரணமும் வாங்கிக்கொண்டு போகும் மனிதரின் பைக்குள்தான் இரண்டு மருத்துவமும் முதன்முதலாகச் சந்திக்கின்றன. நோயாளி மறைக்கிறார் என்ற குற்றச்சாட்டு இந்த நிலையில் அவ்வளவாக நிற்காது. அரசே ஒன்றிடம் ஒன்று சொல்லாததை அவர் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

திட்டு வாங்கும் பயமும் உண்டு. ‘கட்டுப் போட்டுக் கெடுத்துக்கொண்டு இங்கே வருகிறாயா’ என்ற ஒரு வாக்கியம் ஒரு கிராமத்தின் வாயையே அடைத்துவிடும். பிரண்டையையும் எண்ணெயையும் மருந்தென்றே கருதாத பழக்கம் இன்னொரு காரணம். மறுபக்கத்திலும் இதே குறை இருக்கிறது. சூரணம் கொடுக்கும் சித்த மருத்துவரிடம் இதயத்துக்காக ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை சாப்பிடுவதை எத்தனை பேர் சொல்கிறார்கள்? பணத்தட்டுப்பாட்டை மட்டும் காரணமாகச் சொல்வது இன்று போதாது. சாலை விபத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியது. அப்படிச் சேர்ந்தவர்களிலும், ‘ஆப்பரேஷன்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுதிக்கொடுத்துவிட்டுக் கட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இரும்பை உள்ளே வைப்பதன் மீதுள்ள அச்சம், வேலைக்குத் திரும்பும் நாளைப் பற்றிய கணக்கு, ஊரில் ஒருவர் கட்டில் குணமான கதை மூன்றும் சேர்ந்து அந்த முடிவை எடுக்கின்றன.

எழுதிவைக்க வேண்டியவை

எலும்புப் பிரிவின் கேஸ் ஷீட்டில் இதற்கென்று நான்கு வரி அச்சிடப்பட வேண்டும். ‘நாட்டு மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. என்ன எண்ணெய் தடவுகிறீர்கள், யாரிடம் கட்டுப் போட்டீர்கள், எத்தனை நாள், பொடி, லேகியம், செந்தூரம், மாத்திரை என்று உள்ளுக்கு எது, எங்கே வாங்கியது என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பவர் முகம் சுளிக்கக் கூடாது. சித்தப் பிரிவின் சீட்டில் ஆங்கில மருந்துகளுக்கும் அதேபோல நான்கு வரி வேண்டும். ஒரே வளாகத்தில் இருக்கும் இரு பிரிவுகளும் ஒரே நோயாளி எண்ணைப் பயன்படுத்தினால் பாதி வேலை முடிந்துவிடும். இப்படிச் சில ஆண்டுகள் எழுதிவைத்தால்தான் எந்த மூலிகை எந்த மருந்தோடு முரண்படுகிறது என்பதற்கு நம் ஊர்ச் சான்று கிடைக்கும்.

அதுவரை நோயாளியே பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. அறுவைக்கு நாள் குறித்திருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது வீட்டிலுள்ள எண்ணெய்ப் புட்டி, சூரண டப்பா, பெயரில்லாத பொட்டலம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச்சென்று அவர் மேசைமீது வையுங்கள். நெடுநாள் சாப்பிட்ட எதையும் அவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.